துளை அடைத்தல் – 2

ஆண்டர்சன் தெருவில் கீழே மூன்று கடையிலும் காகிதம்.
கல்யாணப் பத்திரிகை அட்டை, பில் புக், ரீம் ரீமாக ஏ-ஃபோர்.
மேலே என் அறையிலும் காகிதம்தான்,
என்ன, முந்நூறு வயசு கூடுதல்.

இஸ்மத் மரைக்காயர் அதை பி.வி.சி. குழாயில் கொண்டுவந்தார்,
பிளம்பர் கடையில் நீளம் சொல்லி அறுத்து வாங்கிய குழாய்.
ஏலத்தில் எடுத்ததாம். விலை சொல்லவில்லை.
மனைவிக்கும் சொல்லவில்லை என்பதை மட்டும் சொன்னார்.

விரித்தேன்.
ஒரே கல்லில் ஊற்றிய இரண்டு தோசை போல
ஒட்டியும் ஒட்டாமலும் இரண்டு வட்டம்.
நான்கு மூலையிலும் கன்னம் உப்பிய காற்றுகள்.
ஒரு திமிங்கலம், பன்றிப் பல்லோடு;
திமிங்கலத்தைப் பார்க்காதவன் போட்ட திமிங்கலம்.
கலிபோர்னியா தீவாக மிதந்தது.
ஆஸ்திரேலியாவைப் பாதி சொல்லி நிறுத்தியிருந்தான்.
தெரியாத இடத்தில் எல்லாம் தலைப்பை எழுதி
சுற்றிலும் பழக்கூடை தொங்கவிட்டிருந்தான்.
எனக்குப் பிடித்தது அதுதான்:
தெரியாது என்று சொல்ல
இத்தனை திராட்சைக் கொத்து.

செம்புத் தகட்டில் அவன் எல்லாவற்றையும்
இடவலம் மாற்றித்தான் செதுக்கியிருக்க வேண்டும்.
ஒவ்வொரு ஊரும் கடைசி எழுத்திலிருந்து முதலெழுத்துக்கு.
மொத்த உலகத்தையும் முதுகுப் பக்கமாகச் செய்தவனுக்கு
உளி வழுக்கியது ஒரே இடத்தில், மடகாஸ்கருக்குக் கீழே
ஒரு முடியளவு கோடு.
எந்தக் கப்பலும் அதில் மோதியதாகத் தெரியவில்லை.

பச்சைதான் பிரச்சினை.
செம்புக் களிம்பில் குழைத்த பச்சை
பூசியவன் போன பிறகும் வேலை செய்துகொண்டே இருக்கும்.
நாடுகளுக்கு எல்லை தீட்டிய இடமெல்லாம் பழுத்து, வெடித்து,
தொட்டால் உதிர்கிறது.
இதில் தத்துவம் எதுவும் இல்லை. தாமிரம்.

அப்புறம் துளை. நம் கரையில், மிளகளவு.
பழவேற்காட்டின் பெயரில் பின்பாதிதான் மிச்சம்.
சென்னை இருந்து புழு தின்றதா,
அவன் எழுதவே இல்லையா,
புழுவைத்தான் கேட்க வேண்டும்.

"எங்க ஊரைப் பாதி முழுங்கிருச்சு" என்றார்.
"அடைச்சிட்டு அதே மாதிரி எழுத்துல எழுதிடுங்க.
பக்கத்துல மெட்ராஸையும் போட்ருங்க."
அடைப்பதுதான் என் வேலை, எழுதுவது இல்லை என்றேன்.
கப்பல் ஏஜென்ட். சரக்கு ஏறாத இடத்தில்
பில் ஆஃப் லேடிங் எழுதக் கூடாது என்பது தெரிந்தவர்.
மேற்கொண்டு பேசவில்லை.

ஜப்பான் தாளின் ஓரத்தை ஈரக் கோடிட்டுக் கிழித்தால்
நார் நாராக நிற்கும். அந்த நார்தான் பிடிக்கும்.
கோதுமைப் பசை, மோர் பதத்தில்.
ஹோட்டல் வரவேற்பறைக்குப் பிரதி எடுப்பவர்கள்
டீ டிகாஷனில் முக்கி வயதாக்குவார்கள், அரை மணி.
எனக்கு நீர்வண்ணத்தில் அந்தப் பழுப்பு வர
இரண்டு நாளும் ஒரு மின்வெட்டும்.

பில்லைப் பார்த்து நிமிர்ந்தார்.
"ரெண்டுன்னு போட்ருக்கீங்க. ஓட்டை ஒண்ணுதானே?"

நடு மடிப்பை விரலால் காட்டினேன்.
புத்தகத்துக்குள் இது மூடிக் கிடந்தபோது
நம் கரையும் பசிபிக்கும் முகத்தோடு முகம்.
இங்கே நுழைந்த புழு
அங்கே, கலிபோர்னியாத் தீவுக்குத் தெற்கே, கரையேறியிருக்கிறது.
இல்லை, கரை ஏது, நட்டநடுக் கடலில்.

போனில் டார்ச் போட்டுக் குனிந்தார்.
"எங்க கன்டெய்னர் கொழும்புல மாத்தி,
பூசான்ல மாத்தி, நாப்பது நாளு" என்றார் மெதுவாக.
புழுவுக்கு இரண்டு தாள் கனம்.

பிறகு மரைக்காயர் மரைக்காயரானார்:
"கடல்ல விழுந்த ஓட்டைக்கும் அதே ரேட்டா?"

கடலுக்குத்தான் கூடுதல் கேட்டிருக்க வேண்டும்.
அங்கே வெறும் காகிதம்.
ஒட்டை மறைக்க
ஓர் எழுத்துகூடக் கிடையாது.

குழாயைத் தோளில் சாத்திப் படியிறங்கினார்.
கீழே ரீம் ஏற்றிக்கொண்டிருந்த யாரோ
"போர் மோட்டாரா, பாய்?" என்று கேட்டது
மேலே வரை கேட்டது.